இன்னும் கொஞ்சம் சாம்பார்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை டிபன் ஹோட்டல் மூடப்போகிறது என்ற சேதி, தினமும் காலையில் அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. பேப்பரில் மூழ்கியிருந்திருக்கிறேன். பேப்பரும் ஹோட்டலுடையதுதான்.

செய்தி பரவியதும் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஜிஎஸ்டிதான் என்றார் ஓய்வுபெற்ற ஆடிட்டர். 2017 ஜூலையில் ஏசி இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவீதம் போட்டு, நவம்பரிலேயே 5 ஆகக் குறைத்துவிட்டார்களே என்றால், "அந்த நாலு மாசத்துலயே முடிஞ்சு போச்சு சார்" என்றார். ஒருவர் 19 கிலோ சிலிண்டரின் விலையைச் சொன்னார். இன்னொருவர் வாஸ்து. கல்லாப்பெட்டி தெற்கே பார்த்திருக்கிறதாம். நாற்பது வருஷம் கழித்துத்தான் அதற்குக் கோபம் வந்திருக்கிறது.

என் மனசாட்சி மட்டும் வேறொன்று சொன்னது. என் வழக்கம் இது: இரண்டு இட்லி, ஒரு வடை, நாலு கரண்டி சாம்பார். ஐந்தாவது கரண்டியை "கொஞ்சமா" என்று கேட்பேன். அது கணக்கில் வராது. சப்ளையர் வாளியோடு அடுத்த மேஜைக்கு நகர்வதற்குள் தொண்டையைச் செருமினால் ஆறாவதும் விழும். முடிவில் இட்லியைத் தேடித்தான் சாப்பிட வேண்டும். 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது சாம்பார் லேசாக நீர்த்தது. அதைக் கண்டித்து ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த ஒரு வாரம்தான் பருப்புச் செலவு கட்டுக்குள் இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

சப்ளையர்கள் காலத்தோடு மாறினார்கள். முன்பெல்லாம் பாலக்காட்டுக்காரர்களும் உடுப்பிக்காரர்களும். கடைசியாக ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன். "இட்லி வடை பொங்கல் பூரி தோசை ரவாதோசை லேட்டாகும்" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பான். 'லேட்டாகும்' என்பதும் பலகாரத்தின் பெயரிலேயே சேர்ந்தது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ஆர்டரை உள்ளே சொல்லும்போதும் "ஒரு ரவாதோசை லேட்டாகும்" என்றுதான் கத்துவான். மாஸ்டரும் அப்படியே செய்து கொடுத்தார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கல்லாவில் நின்று முதலாளியிடமே கேட்டேன்.

"ஏன் சார் மூடறீங்க? என்ன குறை?"

விரலை ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு நோட்டு எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "குறை ஒண்ணும் இல்ல சார். இடம் சொந்தம். செல்போன் கடைக்காரர் ஒருத்தர் வாடகைக்குக் கேட்டார். நாலு மணிக்கு எழுந்து, மாவு புளிச்சுதா, மாஸ்டர் வந்தானா, தண்ணி லாரி வந்துதான்னு ஓடி மாசக் கடைசியில மிஞ்சறதைவிட, அவர் குடுக்கறது ஜாஸ்தி. நான் சும்மா இருந்தாப் போதும்."

"அப்ப எங்க சாம்பார்?"

இப்போது நிமிர்ந்தார். "சாம்பாருக்கு யார் சார் காசு குடுத்தா?"

பேச்சு அதோடு நின்றது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. சாகடித்தது நான் மட்டுமில்லை, மண்ணுக்கும் பங்கு இருக்கிறது. கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னை நினைத்துப் பாருங்கள். 1962இல் திறந்தது; காரை விட்டு இறங்காமலே தோசை தின்ற ஊர் இது. 2008இல் அதை மூடினார்கள். தோசை மொறுமொறுப்பு குறைந்ததாலா? நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. சென்னையில் ஹோட்டல்களை நாக்கு மூடுவதில்லை, சதுர அடிதான் மூடுகிறது.

கடைசி நாள் நிற்க இடமில்லை. பத்து வருஷமாக ஆப்பில் வரவழைத்தே சாப்பிட்டவர்கள் குடும்பத்தோடு வந்து, 'அரசியல் பேசாதீர்கள்' பலகைக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எல்லோர் கண்ணிலும் நீர். எல்லோர் கையிலும் பார்சல். "கெட்டிச் சட்னி ஒண்ணு எக்ஸ்ட்ரா" என்ற குரலும் விடாமல் கேட்டது. முதலாளி மூலை மேஜையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். அந்த ஹோட்டலில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன். சாம்பாரை ஒரு முறைதான் ஊற்றிக்கொண்டார்.

போன வாரம் அந்தச் செல்போன் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் வெள்ளை. ஒரு மூலையில் மட்டும் பெயின்டை மீறி 'கை கழுவும் இடம்' என்ற எழுத்தும் அம்புக்குறியும் மங்கலாகத் தெரிந்தன. அம்பு காட்டிய இடத்தில் ஹெட்போன்கள் தொங்கின.

சார்ஜர் 650 ரூபாய் என்றார்கள். பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.