குடத்தில் கைவிட்ட பயல்

ஓட்டுப் போடும் வயதை 16 ஆக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "மீசை முளைக்காத பயலுக்கெல்லாம் ஓட்டா?" என்று பெரியவர்கள் துள்ளுவார்கள். உத்திரமேரூரில் ஆளைப் பொறுக்கியதே அந்தப் பயல்தான் ஐயா!

பராந்தக சோழன் காலம். 919ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையின் நிர்வாகக் குழுவுக்கு, வர வயது 30 முதல் 60 வரை. இரண்டே வருஷத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றி வெட்டினார்கள். அறுபதைத் தாண்டிய மாமா யாரோ சபையில் செல்வாக்காக இருந்திருக்கிறார் என்பது என் ஊகம். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பெண்களா? பேச்சே இல்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமனார், மைத்துனன், மருமகன் ஒருவரும் கூடாது.

இப்படிச் சலித்தெடுத்த யோக்கியர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டாயிற்று. எடுப்பது யார்? எழுபது வயது அனுபவமா? ஊஹூம். விவரம் அறியாத ஒரு சிறுவன்! பெரியவர்கள் ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தார்கள். அவன் எடுத்த ஓலையை நடுவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றும் விதி. விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிட்டால்? படித்தவர் மேல் அத்தனை நம்பிக்கை.

ஆயிரம் வருஷம் கழித்து, 1988இல், ராஜீவ் காந்தி அரசு 61ஆவது சட்டத்திருத்தத்தால் ஓட்டு வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. ஓட்டு வாங்கிய பிள்ளைகள் நன்றி காட்டினார்களோ என்னவோ, மக்களவையில் 400 இடங்களைத் தாண்டியிருந்த காங்கிரஸ் அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே 197இல் வந்து நின்றது. 18 இன்னும் அங்கேயே நிற்கிறது. பிரேசில் அதே 1988இலும் ஆஸ்திரியா 2007இலும் 16க்கு இறங்கின. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நாமும் இறங்கலாம். மனசு வரவில்லையென்றால், கணக்குக் காட்டாதவர் விதியையாவது திரும்பக் கொண்டு வாருங்கள், மைத்துனன், மருமகனோடு சேர்த்து.