பனி ஏறினால் விமானம் இறங்கும்

கே: குட்டி விமானத்தின் இறக்கையில் கொஞ்சம் பனி படிந்தால் என்ன குடியா முழுகிவிடும்? நாலைந்து கிலோ எடை கூடும், அவ்வளவுதானே?

ப: எடையை விடுங்கள், இறக்கையின் வடிவம் போய்விடுமே! உப்புத்தாள் அளவு சொரசொரப்பே தூக்குவிசையில் 30 சதவீதம் வரை பறித்துவிடும். காற்றின் இழுவையை 40 சதவீதம் வரை கூட்டிவிடும். வழக்கமான வேகத்தில் போகும்போதே, எச்சரிக்கை ஒலி எழும் முன்பே, விமானம் பிடி இழந்து சரியலாம். மெல்லிய பாகங்களில்தான் பனி சீக்கிரம் பிடிக்கும். அதாவது, விமானியின் கண்ணுக்கே படாத வாலில்!

கே: பனி நீக்கும் கருவி இருந்தால் பயமில்லைதானே?

ப: 2011 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் விழுந்த டிபிஎம் 700 தனியார் விமானத்தில் அந்தக் கருவி இருந்தது. கடும் பனிப்படிவில் சிக்கி, அதிலிருந்த 5 பேரும் இறந்தார்கள். கருவி கொடுப்பது தப்பிக்கக் கொஞ்சம் அவகாசம், அவ்வளவே. செஸ்னா 172 போன்ற விமானங்களின் இறக்கைக்கு அதுவும் கிடையாது. பனி பிடிக்கும் என்று தெரிந்த மேகத்துக்குள் அவை நுழையவே கூடாது. அங்கே உறைநிலைக்குக் கீழும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள், இறக்கையில் பட்டதும் கட்டியாகிவிடும். முதல் கீற்று வெள்ளை தெரிந்ததுமே உயரத்தை மாற்றுங்கள், இல்லையேல் வந்த வழியே திரும்புங்கள். வீட்டில் காத்திருப்பவர்கள் தாமதத்தை மன்னிப்பார்கள்.