525 மடங்கு வியாழன்

தொடக்கநிலை டெலஸ்கோப்பின் அட்டைப்பெட்டியில் இரண்டு விஷயங்கள் பெரிதாக அச்சாகியிருக்கும். ஒன்று, விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வண்ண நெபுலா. இன்னொன்று, ‘525 மடங்கு’ என்ற எண். இரண்டுமே பெட்டிக்குள் இருக்காது.

எண்ணைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ. அதை, கூடவே வரும் 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. மூன்று மடங்கு பார்லோ லென்ஸையும் நடுவில் செருகினால் 525. கணக்கு வாத்தியார் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 70 மி.மீ.தான். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது வானம் பார்த்துப் பழகியவர்கள் வைத்திருக்கும் உச்சவரம்பு, ஆக 140. அதற்கு மேல் போவது, ஒரு டம்ளர் பாலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பால் பெருகிவிட்டது என்பதுதான்.

இருந்தாலும், வாங்கிய அன்றே 525-ஐ முயன்று பார்க்காத குடும்பத் தலைவர் அபூர்வம். 4 மி.மீ. ஐபீஸின் கண்ணாடி மிகச் சிறியது. இமை அதில் உரசும் அளவுக்குக் கண்ணை ஒட்டவேண்டும். முதலில் தெரிவது சொந்த இமைமுடி. பிறகு இருட்டு. நெடுநேரம் கழித்து, நடுங்கிக்கொண்டே ஒரு மங்கல் உருண்டை. வியாழன்!

“வந்துடுச்சு, சீக்கிரம் வா!”

மனைவி குனிவதற்குள் பூமி சுழன்றுவிடும். இந்த உருப்பெருக்கத்தில் கால் நிமிடத்தில் கிரகம் பார்வையைத் தாண்டிப் போய்விடும்.

“ஒண்ணும் தெரியலையே.”

“முக்காலியைத் தொட்டுட்டியா?”

இதற்குள் மாடியேறி வந்த பாட்டி, “எவ்வளவு தூரம்டா தெரியும்?” என்பார். நல்ல இருட்டான ஊரில் வெறும் கண்ணுக்கே ஆண்ட்ரோமீடா தெரியும். தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. டெலஸ்கோப்புக்குத் தூரம் பிரச்சினையே இல்லை, நுணுக்கம்தான் பிரச்சினை. நிலாவில் நட்ட கொடி தெரியுமா என்பது பேரனின் கேள்வி. 70 மி.மீ. கண்ணாடி நிலாவில் பிரித்துக் காட்டுவது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் அளவுள்ளவற்றைத்தான். கொடியை அந்த அளவுக்குத் தைத்திருந்தால் பார்க்கலாம்.

பெட்டியிலேயே உருப்படியான பொருள், யாரும் சீண்டாத 20 மி.மீ. ஐபீஸ். அது தருவது 35 மடங்கு. முழு நிலாவும் அடங்கும், சனிக்கு வளையம் இருப்பதும் தெரியும். 1610 ஜனவரியில் வியாழனின் நிலவுகளை கலிலியோ கண்டது சுமார் 20 மடங்கில்தான்.

அடுத்து வாங்குவதென்றால் பிளாசல் வகை ஐபீஸ் போதும். வியன்னாவின் பிளாசல் 1860-இல் அமைத்த வடிவம் அது. வாங்குவதற்குமுன் ஸ்கேலை எடுத்து ஐபீஸ் செருகும் துளையை அளக்கவேண்டும். இன்றைய பொது அளவு 1.25 அங்குலம். பரணிலிருந்து இறக்கிய பழைய குழாயாக இருந்தால் 0.965 அங்குலமாக இருக்கலாம். புது ஐபீஸ் உள்ளே நுழையாது.

இரட்டை பார்லோவில் ஒரு வேடிக்கை உண்டு. 20, 10 என்று இரண்டு ஐபீஸோடு அதை வாங்கினால், 20 மி.மீ. பார்லோவில் ஏறியதும் 10 ஆகிவிடும். ஒரே உருப்பெருக்கத்துக்கு இரண்டு தடவை காசு. 25-ம் 10-ம் வாங்கினால் 28, 56, 70, 140 என நான்கும் தனித்தனி.

சில பெட்டிகளில் ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் ஒன்று இருக்கும். அதைக் குப்பையில் போடுவதற்குமுன் உடைத்துப் போடுவது நல்லது. குவிந்த வெயிலில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்வாயில்தான் மாட்டப்படவேண்டும். நிலா ஃபில்டர் அவசியமில்லை. கண் கூசினால் அந்தி வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம்.

நடுக்கத்துக்கு, முக்காலியின் கால்களை நீட்டாமல் வைத்து நடுவில் ஒரு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிடலாம். கால் குட்டையானதும் நின்று பார்க்க முடியாது; பிளாஸ்டிக் நாற்காலி வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் உடம்பு ஆடாது, நுணுக்கமும் கூடுதலாகத் தெரியும். செலவில்லாத இந்த உபகரணத்தில் ஒரே குறை, பாட்டி அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்.