அண்ணாச்சி என்கிற எக்சிஸ்டிங் சிஸ்டம்

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் மளிகைக் கடைகளைவிட ஆன்லைன் கடைகள்தான் அதிகம். அத்தனையும் எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர் பிள்ளைகள் கட்டியவை. ஒன்றிலும் ஒரு சோப்புக்கட்டிகூட விற்றதில்லை. அந்நாளில் ப்ராஜெக்ட் என்றால் உலகத்தில் மூன்றே தலைப்புகள்: லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட், ஆன்லைன் ஷாப்பிங். முதல் இரண்டையும் முன்பெஞ்சுக்காரர்கள் அமுக்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்த கடைக்கு நாங்கள் முதலாளி ஆனோம்.

2000-களின் நடுப்பகுதி அது. கல்லூரி, தென்மாவட்டத்து ஊர் ஒன்றுக்கு வெளியே, டவுன் பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் இருந்தது. லேபில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் உண்டு. இன்டர்நெட் ஒன்றில் மட்டும்தான். அந்த ஒன்றும் எச்.ஓ.டி. அறையில் இருந்தது. ஆகவே ஆன்லைன் கடையை ஆஃப்லைனில் கட்டக் கற்றுக்கொண்டோம். பாடம் எடுத்த சாரும் நெட்டில் ஒரு குண்டூசி வாங்கியவர் இல்லை. வாங்கக் கிரெடிட் கார்டு வேண்டும். கார்டு கிடைக்க மாதாமாதம் சம்பளம் வர வேண்டும். அவர் வேலை பார்த்தது சுயநிதிக் கல்லூரியில்.

எலக்டிவ் பேப்பரின் பெயர் இ-காமர்ஸ். வேதநூல், கலகோட்டாவும் வின்ஸ்டனும் எழுதிய 'ஃப்ரண்டியர்ஸ் ஆஃப் எலக்ட்ரானிக் காமர்ஸ்'. 1996-ல் வந்த புத்தகம். ஜெராக்ஸின் ஜெராக்ஸாக எங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் அதிலிருந்த சமாசாரங்களில் பாதி காலியாகிவிட்டன. உதாரணம் டிஜிகேஷ். டேவிட் சாம் என்கிற கணித மேதை 1989-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய மின்பணக் கம்பெனி. யார் செலவழித்தார் என்பது வங்கிக்கே தெரியாது; அவ்வளவு ரகசியம். 1998-ல் கம்பெனி திவால். எங்களுக்கு மட்டும் அது சாகாவரம் பெற்று, செமஸ்டர் தோறும் படத்துடன் விளக்குக என்று வந்து நின்றது.

சிலபஸில் இருந்த இன்னொன்று செட். விசாவும் மாஸ்டர்கார்டும் 1996-ல் கூடிப் பேசி உருவாக்கிய பாதுகாப்பு முறை. வாங்குபவனுக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ், விற்பவனுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. நடுவில் இரட்டைக் கையெழுத்து. பொருள் என்ன என்பது வங்கிக்குத் தெரியாது, கார்டு எண் கடைக்காரனுக்குத் தெரியாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில்கூட இவ்வளவு கையெழுத்து வாங்க மாட்டார்கள். சிடி வாங்க வந்த வெள்ளைக்காரன் இதைப் பார்த்துவிட்டு, சும்மா பூட்டுப் போட்டு அனுப்பும் எஸ்.எஸ்.எல். போதும் என்று போய்விட்டான். உலகம் கைவிட்ட செட்டை 16 மதிப்பெண்ணுக்குக் காப்பாற்றி வைத்தவர்கள் நாங்கள்தான். அம்புக்குறிகளைக் கலர் பென்சிலில் போட்டால் 14 நிச்சயம்.

இனி ரிப்போர்ட். ப்ராஜெக்ட் ஓடாவிட்டால் பரவாயில்லை, ரிப்போர்ட்டுக்குக் கறுப்பு காலிகோ பைண்டிங்கும் தங்க எழுத்தும் இல்லாவிட்டால் வைவாவுக்குள் விடமாட்டார்கள். அதன் இரண்டாம் அத்தியாயம் கல்லில் வெட்டியது போல மாறாதது: எக்சிஸ்டிங் சிஸ்டம், புரொபோஸ்டு சிஸ்டம். முதலாவதில், இப்போதிருக்கும் முறை கையால் செய்யப்படுவது, தாமதமாவது, பிழை மலிந்தது என்று எழுதவேண்டும். இரண்டாவதில், நம்முடையது வேகமானது, துல்லியமானது, யூசர் ஃப்ரெண்ட்லி. நாங்கள் சீனியர்களின் ஹாஸ்பிட்டல் ரிப்போர்ட்டை வாங்கி, 'பேஷன்ட்' வரும் இடமெல்லாம் 'கஸ்டமர்' என்று ஒரே தட்டில் மாற்றினோம். கஸ்டமர் குணமடைந்ததும் டிஸ்சார்ஜ் செய்யப்படுவார் என்ற வரி பைண்டிங் வரைக்கும் போய், இன்றும் துறை நூலகத்தில் பத்திரமாக இருக்கக்கூடும்.

எச்.ஓ.டி. கறாரான மனிதர். எக்சிஸ்டிங் சிஸ்டத்தை நேரில் பார்த்து எழுதவேண்டும் என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அண்ணாச்சி கடைக்குப் போனோம். காதுக்கும் தோளுக்கும் நடுவே டெலிபோனைச் செருகிக்கொண்டு பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் எப்படி எடுக்கீங்க அண்ணாச்சி?"

"டீச்சரம்மா போன் போடும். எழுதிக்கிடுவேன். பயல் சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவான்."

"பேமென்ட்?"

"ஒண்ணாந்தேதி சம்பளம் வந்ததும் தருவாக."

"தராம விட்டுட்டா?"

"எங்க போவாக? அவுக சம்பந்தார் வீட்டுக்கும் நம்ம கடைச் சரக்குதாம்ல."

இவ்வளவு உறுதியான செக்யூரிட்டி செட்டிலும் கிடையாது. நாங்கள் நோட்டில் 'நோ செக்யூரிட்டி' என்று குறித்துக்கொண்டோம். அதற்குள் அண்ணாச்சி பயலைக் கூப்பிட்டு, வாத்தியார் வீட்டுக்குச் சாமான் போகிறபோது அரை லிட்டர் நல்லெண்ணெயும் சேர்த்துப் போடச் சொன்னார். அவர்கள் கேட்கவில்லையே என்றோம். "தீர்ந்திருக்கும். மருமக பிள்ளை பெத்து வந்திருக்கா" என்றார். வாங்குகிறவர் அடுத்து எதை வாங்குவார் என்று கணிக்கும் வித்தையை விளக்கி அமேசான்காரர்கள் மூன்று பேர் 2003-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அதை மேற்கோள் காட்டத் தெரிந்த எங்களுக்கு, எதிரே உட்கார்ந்திருந்தவரைத் தெரியவில்லை.

கிளம்பும்போது அவர் எங்களைப் பேட்டி எடுத்தார். "ஏ தம்பி, நீங்க கட்டுத கம்ப்யூட்டர் கடையில பற்று எழுத இடம் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. கார்டு நம்பர் போட்டாத்தான் சாமான்."

"அப்போ சாமானைக் கண்ணுல பாக்காம முதல்லயே ரூவாயக் குடுக்கணும்?"

"ஆமா."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பரிதாபப்பட்டு ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தார். கணக்கில் எழுதவும் இல்லை. அன்று ராத்திரியே ஹாஸ்டலுக்கு வந்து, அவருடைய வியாபாரம் காலதாமதமானது, பிழை மலிந்தது என்று தட்டச்சு செய்து முடித்தோம்.

உலகின் முதல் ஆன்லைன் ஷாப்பிங் என்று சரித்திரம் சொல்வதும் ஏறக்குறைய அண்ணாச்சி கடைதான். மைக்கேல் ஆல்டிரிச் என்ற ஆங்கிலேயர் 1979-ல் டி.வி.யை டெலிபோன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு முடிச்சுப் போட்டார். 1984-ல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி, இடுப்பு எலும்பு முறிந்து வீட்டில் இருந்தவர், டி.வி. ரிமோட்டை அமுக்கி டெஸ்கோ கடையில் மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை ஆகியவற்றுக்கு ஆர்டர் கொடுத்தார். கடை ஆட்கள் கட்டி வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போனில் டீச்சரம்மா, டி.வி.யில் ஸ்னோபால் பாட்டி, வித்தியாசம் அவ்வளவே. இந்தப் பாட்டி எங்கள் சிலபஸில் இல்லை. அமெரிக்கர்கள் கணக்கே வேறு. 1994 ஆகஸ்டில் நெட்மார்க்கெட் என்ற கடையில் ஸ்டிங் பாடிய ஒரு சிடி 12 டாலர் 48 சென்ட்டுக்கு விற்றதுதான் இணையத்தில் பாதுகாப்பாக நடந்த முதல் வியாபாரம் என்பார்கள். அடுத்த நாளே நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது. கடை நடத்தியவர்கள் எங்களைப் போல இருபதைத் தாண்டிய பையன்கள்தான். ஆனால் அவர்கள் லேபில் நெட் இருந்தது.

கட்டுமானத்துக்கு வருவோம். பி.எச்.பி., மைசீக்வல். பி.எச்.பி. என்பது ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் பயோடேட்டாவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காக எழுதிவைத்த சில்லறை நிரல்களில் தொடங்கியது. 1995-ல் வெளியே விட்டார். அதே ஆண்டு பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டைப் பத்து நாளில் எழுதினார். அதை நாங்கள் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்து, வகுப்பில் பாதிப் பேர் அரியர் வைத்தோம்.

ஷாப்பிங் கார்ட் வைக்காமல் கடை கிடையாது என்றார்கள். தள்ளுவண்டிப் படம் ஒன்று மூலையில் இருக்கவேண்டும். எங்களில் யாரும் கடைக்குள் வண்டி தள்ளியவர்கள் இல்லை. மஞ்சள் பையோடு வளர்ந்தவர்கள். அமெரிக்கர்களும் முதலில் அப்படித்தான் முறைத்தார்கள். சில்வன் கோல்ட்மேன் 1937-ல் ஓக்லஹாமா நகரத்தில் அந்த வண்டியை அறிமுகப்படுத்தியபோது ஒருவரும் தொடவில்லை. ஆள் வைத்து, வாடிக்கையாளர் மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு திரியச் சொன்னார். எங்கள் டெமோவுக்கும் அதே டெக்னிக்தான்: நாங்களே கஸ்டமர், நாங்களே அட்மின்.

வலைப்பக்கத்துக்கு ஞாபகமறதி அதிகம். ஒரு பக்கத்தில் சோப்பை எடுத்தவர்தான் அடுத்த பக்கத்தில் சீப்பை எடுக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. இதைச் சரிக்கட்ட நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுலி 1994-ல் கண்டுபிடித்ததே குக்கி. கடைக் கூடையை ஞாபகம் வைக்கப் பிறந்த சமாசாரம், பிற்காலத்தில் நாம் எங்கே போகிறோம் வருகிறோம் என்று பின்னாலேயே வரும் ஒற்றனாகிவிட்டது. எங்கள் கடையில் அந்தப் பயம் தேவையில்லை. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் கூடையே காலியாகிவிடும். அமேசான் வழக்குப் போடுமோ என்ற பயமும் இல்லை. ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அவர்கள் 1999-ல் காப்புரிமை வாங்கி, பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடையைக் கோர்ட்டுக்கு இழுத்திருந்தார்கள். எங்களிடம் ஒரு சோப்பு வாங்க, பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் கொடுத்து, பக்கம் பக்கமாகக் கிளிக் செய்யவேண்டும். எந்தக் கோர்ட்டிலும் நிற்காது.

அலங்காரத்தில் குறை வைக்கவில்லை. பெயர்ப்பலகை மார்கீயில் இடமும் வலமுமாக ஓடியது. லேபில் நெட் இல்லாததால் பொருட்களுக்குப் படம் கிடைக்கவில்லை, விண்டோஸ் எக்ஸ்.பி.யிலேயே இருக்கும் மாதிரிப் படங்களை எடுத்துப் போட்டோம். அல்லிப்பூ படத்தின் கீழ் சோனி எரிக்சன் போன், விலை 12,000. சூரியன் மறையும் படத்தின் கீழ் மிக்சி. சார் பார்த்துவிட்டு, கலர் நன்றாக இருக்கிறது என்றார். சிரிக்காதீர்கள். லண்டனில் பூ டாட் காம் என்று ஒரு துணிக்கடை 1999-ல் திறந்து, சட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் முப்பரிமாணப் படமும், கூடவே பேசும் பொம்மைப் பெண்ணும் வைத்தது. அக்கால டயல்-அப் லைனில் பொம்மை வந்து சேர்வதற்குள் வாங்க வந்தவர் தூங்கிவிடுவார். சுமார் 135 மில்லியன் டாலரைக் கரைத்துவிட்டு 2000 மே மாதம் கடையைப் பூட்டினார்கள். எங்கள் கடைக்கு ஆன செலவு பைண்டிங்கும் சிடியும்தான். நிர்வாகத் திறமையில் யார் உசத்தி என்று வாசகர்களே முடிவு செய்யலாம்.

பேமென்ட் மாட்யூல் எங்கள் கடையின் சிகரம். பதினாறு இலக்கம் அடித்தால் போதும், எந்த இலக்கமாக இருந்தாலும் 'டிரான்சாக்‌ஷன் சக்ஸஸ்ஃபுல்' என்று பச்சையில் வரும். அந்தப் பதினாறையும் அப்படியே, மூடிமறைக்காமல் டேபிளில் சேமித்தோம். விலையோ படிவத்துக்குள் மறைவாக உட்கார்ந்திருந்தது. ஜூனியர் பயல் ஒருவன் பக்கத்தை டெஸ்க்டாப்பில் சேமித்து, நோட்பேடில் திறந்து, 12,000 என்பதை 1 ஆக்கி, போனை வாங்கிவிட்டான். எங்கள் கடை அவனுக்கு நன்றியும் சொன்னது. 2000 வாக்கில் வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கிய கார்ட் மென்பொருள்கள் சிலவற்றிலும் இதே ஓட்டை இருந்தது. ஆக, சர்வதேசத் தரம்.

வைவா நாள். வேறொரு கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் மதியம் பிரியாணி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தார். படிவத்தை அனுப்பும் முறைகளான கெட்டுக்கும் போஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். ஒன்று தெரியும், ஒன்று தெரியாது என்றோம். விடை சரிதான்; அது கேள்விக்குச் சொன்னதா, எங்களைப் பற்றிச் சொன்னதா என்று அவர் கிளறவில்லை. கடைசி அத்தியாயமான ஃப்யூச்சர் என்ஹான்ஸ்மென்ட்டைப் புரட்டினார். எஸ்.எம்.எஸ். அனுப்புவோம், கைரேகை வைப்போம், பல மொழிகளில் தருவோம் என்று வாக்குறுதிகள். தேர்தல் அறிக்கைபோல அதையும் யாரும் திரும்பக் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வரிதான் இந்த நாட்டில் ஓடியது. ரயில்வே 2002-ல் நெட்டில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோதே அச்சடித்த டிக்கெட்டைக் கூரியரில்தான் வீட்டுக்கு அனுப்பியது. கையில் காகிதம் வராமல் நம்மவர்களுக்கு நம்பிக்கை வராது என்று ரயில்வேக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. பன்சால்கள் இருவர் 2007-ல் பெங்களூரில் புத்தகம் விற்க ஃப்ளிப்கார்ட்டைத் தொடங்கினார்கள். கார்டு வைத்திருப்பவர்கள் குறைவு, வைத்திருப்பவர்களும் எண்ணைத் தட்டப் பயந்தார்கள். 2010-ல் ஃப்ளிப்கார்ட்காரர்கள், சாமான் கைக்கு வந்த பிறகு ரூபாயைக் கொடு என்றார்கள். நாடே வாங்கத் தொடங்கியது. அண்ணாச்சி எங்களிடம் கேட்டதும் அதைத்தான். அவர் கேட்ட பற்றுக்கணக்கையும், இப்போது வாங்கு பிறகு கொடு என்று பெயர் மாற்றி, பின்னால் கொண்டுவந்துவிட்டார்கள். கடலைமிட்டாய்தான் பாக்கி.

எங்கள் கடை இன்னும் ரிப்போர்ட்டின் பின்னட்டைப் பையில் சிடியாகச் செருகியிருக்கிறது. யாரும் எதுவும் வாங்காததால் சரக்கு முழுசாக இருக்கிறது. அல்லிப்பூ படம் போட்ட சோனி எரிக்சன் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.