ஜாடியுள் நிகழ்வன: தூத்துக்குடிக் கிறிஸ்துமஸ் ஒயின் கெடுதல் குறித்து ஒரு முன்னாய்வு

நவம்பர் பிறந்ததும் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் "ஒயின் போட்டாச்சா?" என்ற கேள்வி எழும். இக்கேள்வியை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. (இடைவெளி ஒன்றைத் தோண்டி வைத்துக்கொள்ளாமல் எந்த ஆய்வாளரும் பேனாவைத் திறப்பதில்லை.)

முதலில் தொன்மை. தொன்மை இல்லாத பொருளைத் தமிழில் ஆராய அனுமதி கிடையாது. நல்லவேளையாகப் புறநானூற்று 56ஆம் பாட்டு கைகொடுக்கிறது. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் பருகி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை அதில் நக்கீரர் வாழ்த்துகிறார். அந்தத் தேறல் நடுக்கடலில் புளித்ததா என்பது பற்றி அவர் மூச்சு விடவில்லை. இந்த மௌனத்தை வைத்தே இரண்டு பேர் முனைவர் பட்டம் வாங்கலாம். பெரிப்ளூஸ் எழுதிய கிரேக்க வணிகரோ, முசிறிக்கு ஒயின் வந்தது, ஆனால் அதிகமில்லை என்று சொல்லிவிட்டார். அரிக்கமேட்டில் ஒரு சாடியின் காது கிடைத்தால் மாலுமியோடு முழுக் கப்பலையும் கட்டி மிதக்கவிடும் நம் அறிஞர்கள், இந்த 'அதிகமில்லை'யை மட்டும் அடிக்குறிப்புக்குள் தள்ளிவிடுவார்கள். கொற்கைக்கும் ஒயின் வந்திருக்கும் என்று நான் துணிகிறேன். ஆதாரம்: கொற்கை எங்கள் ஊருக்குப் பக்கம்.

இனிச் செய்பொருள். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை ஒரு கிலோ, சீனி அதற்குச் சற்றுக் குறைவு, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, அரைக் கரண்டி ஈஸ்ட். ஊறுகாய் ஜாடியும், அதன் வாயில் வேடு கட்டும் வேட்டித் துணியும் தாத்தா காலத்தவை. ஆகவே கைக்காசு பழத்துக்கும் சீனிக்கும்தான் போகிறது. கோதுமை ஏன் என்று கேட்டால் "போடணும்" என்பது மூத்த அத்தையின் விளக்கம் (அடுப்படி உரை, பக்கம் 1).

குற்றம் ஒன்று: பொங்காமை. ஜாடி சும்மா கிடக்கும். காதை வைத்தால் சலசலப்பே இராது. ஈஸ்ட் சூட்டில் செத்திருக்கலாம். கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் போன நீரில் அதைக் கரைத்தால் அத்தோடு முடிந்தது கதை. சீனியை ஒரேயடியாகக் கொட்டினாலும் அது திணறும். வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் புது ஈஸ்டைக் கரைத்து, நுரை கட்டியபின் ஊற்றினால் ஜாடி விழித்துக்கொள்ளும். ஈஸ்ட் வாங்கப் பேக்கரிக்குப் போனால் மக்ரூன் அடுக்கி வைத்திருக்கும் பக்கம் போய் நிற்க வேண்டாம். மக்ரூனில் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும்தான் உண்டு. ரொட்டி போடும் பக்கம் கேட்கவேண்டும்.

குற்றம் இரண்டு: பூசணம். ஊற்றிவிடவும்.

குற்றம் மூன்று: பொங்கி வழிதல். ஈஸ்ட் தின்னும் சீனியில் எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதி சாராயமாகும், மீதி கரியமில வாயுவாகும். கழுத்துவரை நிரப்பியவர் தரையைத் துடைப்பார். மூடியை இறுக்கித் திருகியவர் கண்ணாடி பொறுக்குவார்.

குற்றம் நான்கு: காடியாதல். இதற்கு நூற்பா செய்திருக்கிறேன்:

"எட்டிப் பார்ப்பின் புளிக்கும் என்ப."

'என்ப' என்றதனால் இது முன்னோர் கருத்து, நான் பொறுப்பல்ல. 'எட்டி' என்பதற்கு ஜாடி உயரத்தில் இருந்தது என்று மூத்த அத்தை பொருள் கொள்வார் (கொல்லைப்புற உரை, மதில் மேலிருந்து). பார்த்தவன் குட்டை என்று இளைய அத்தை மறுப்பார் (அதே மதில், மறுபக்கம்). மூத்தவரின் மறுப்புக்கு மறுப்பு கோயில் வாசல் பதிப்பாக, ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின், திருத்தியும் விரித்தும் வெளியானது. அதன் ஒரே படி அவர் நாத்தனாரின் நினைவில் இருக்கிறது, நடுப்பக்கம் செல்லரித்துவிட்டது. நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் நவம்பர் ஜாடியின் மூடியைத் தூக்கிக்கொண்டு போய் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவோடு கூட்டிப் பொருள் முடித்திருப்பார்.

நூற்பாவின் உண்மை வேறிடத்தில் இருக்கிறது. முதல் நாட்களில் மரக்கரண்டியால் கிண்டத்தான் வேண்டும். மேலே மிதக்கும் தோல் உள்ளே அமிழ வேண்டும். அப்போது எழும் வாயு காற்றை வெளியே தள்ளிவிடுவதால் பார்ப்பவனால் பெரிய கேடில்லை. குமிழி அடங்கியபின் வருபவனே குற்றவாளி. அவன் திறக்கும் ஒவ்வொரு தடவையும் புதுக்காற்று இறங்கும். காற்றைக் கொண்டு சாராயத்தைப் புளிங்காடியாக்கும் நுண்ணுயிர் அங்கே காத்திருக்கும். 1860களில் லூயி பாஸ்டர் இதைக் கண்டுசொன்னார். "ஏல, ஜாடியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்று அதையே அத்தை சுருக்கினார்.

எட்டிப்பார்ப்போர் வகை பல. ருசி பார்ப்போர், மோந்து பார்ப்போர், "பூனை தள்ளிருச்சான்னு பாத்தேன்" என்போர், கரண்டியை நக்கிவிட்டு மறுபடி விடுவோர். இவர்களுள் கொடியவர் கொழும்பிலிருந்தோ துபாயிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமா. அவரிடம் யாரும் கையை ஒடிப்பேன் என்று சொல்வதில்லை. "வாங்க மாமா, பாருங்க" என்று அத்தையே வேட்டைச் சுருக்கவிழ்ப்பார். ஊரில் கெட்ட ஜாடிகளை எல்லாம் ஈஸ்ட் தலையில் போட்டுவிட்டு மாமாவைக் காப்பாற்றும் மரபு இங்கே வேரூன்றியிருக்கிறது. குமிழி நின்றதும் வடிகட்டி, புட்டியில் கழுத்துவரை நிரப்பி மூடி, மாமாவின் உயரத்துக்கு மேல் வைப்பதே மருந்து.

காடியானதை மீன் ஊறுகாய்க்கு ஊற்றலாம். பூசைக்குத் தர நினைக்க வேண்டாம்: 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு, பூசை ஒயின் திராட்சையில் ஆனதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. சட்டம் இயற்றியவர்களுக்கும் ஒரு மாமா இருந்திருக்கிறார் என்பது என் ஊகம். வேறு அறிஞர் இதை ஏற்கனவே சொல்லியிருந்தால் அவரே என்னைத் திருடியவர்.

நன்றியுரை: திராட்சையும் ஜாடியும் தந்து உதவியோர் தம் பெயர் அச்சில் வருவதை விரும்பவில்லை. உரிமம் இல்லாமல் மது செய்வதைத் தடுக்கும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதை டாஸ்மாக் கடையில் வரிசையில் நின்றபடியும் படிக்கலாம். எனவே மேற்கண்ட ஒயின் முழுவதும் கோட்பாட்டளவில் மட்டுமே போடப்பட்டது. மாமா குடித்ததும் அப்படியே.