கிழட்டுப் பெட்டிக்குப் புதுமாப்பிள்ளை வேஷம்

வாய்யா மருமகனே, திண்ணையில இப்படி உக்காரு. மெட்ராசுலேர்ந்து நேத்து ராத்திரி வந்து இறங்கினே. விடிஞ்சதும் விடியாததுமா மாமன் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கழட்டி முத்தத்துல வச்சுக்கிட்டு "புது விண்டோஸ் ஏத்தப்போறேன்"னு நிக்கிறே. ரொம்பச் சந்தோசம். உங்க அத்தை காப்பி போட்டுக்கிட்டிருக்கா. அது வாரதுக்குள்ள நாலு வார்த்தை கேட்டுக்கோ. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுதான். மாடு கண்ணு மேச்ச புத்தியில ஏதோ உளறுறேன், தப்பா இருந்தாத் திருத்து.

இந்தப் பெட்டி வந்தது 2012. என் மக காலேஜ் சேந்த வருசம். வரும்போது விண்டோஸ் 7. பதவிசா ஓடிக்கிட்டிருந்துச்சு. 2015 ஜூலையில பத்து வந்துச்சு. ஒரு வருசத்துக்கு இனாம்னாங்க. இனாம்னா நாம விடுவோமா? ஏத்தினோம். அன்னையிலேர்ந்து, சுவிச்சைப் போட்டுட்டுக் கிணத்துமேட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டுட்டுத் திரும்பி வந்தா, அப்பத்தான் சோம்பல் முறிச்சுக்கிட்டிருக்கும். இப்ப அந்தப் பத்துக்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட கவனிப்பு நின்னுபோச்சு. விண்ணப்பம் பண்ணிச் சேந்தா இன்னும் ஒரு வருசம் இழுக்கலாமாம்.

கவனிப்பு நின்னா பெட்டி நிக்காது. வேலி அடைக்கிற ஆள் வரமாட்டான், அம்புட்டுத்தான். ஆடு அன்னைக்கே வந்து மேயாது. ஆனா எந்தத் தோட்டத்துல வேலி பிஞ்சிருக்குன்னு தோட்டக்காரனுக்கு முன்னால ஆட்டுக்குத் தெரிஞ்சிரும். 2017 மே மாசம் வான்னாகிரைனு ஒண்ணு உலகம் பூரா மேஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைக்கூட விடலை. அதுக்கு ரெண்டு மாசம் முந்தி, மார்ச்சுலயே, மைக்ரோசாப்ட்காரன் அடைப்பு முள்ளு கொடுத்துட்டான். வாங்கி அடைக்காம "நாளைக்குப் பாப்போம்"னு படுத்தவன் வீட்டுலதான் பூந்துச்சு. அதனால மாத்த வேண்டாம்னு நான் சொல்லலை. மாத்து. எதை மாத்துறேங்கிறதுதான் கேள்வி.

பதினொண்ணு போடுறேங்கிறே. அது சம்பந்தம் பேசுறதுக்கு முன்னாடியே சாதகம் கேக்குதாம்ல? டிபிஎம் 2.0 சிப் இருக்கா, செக்யூர் பூட் இருக்கா, ராம் 4 ஜிபி தேறுமா, இன்டெல் பிராசஸர்னா எட்டாவது தலைமுறையான்னு. நம்ம வீட்டுக் கிழம் ரெண்டாவது தலைமுறை ஐ3. ராம் 2 ஜிபி. பத்துப் பொருத்தத்துல இடப் பொருத்தம் மட்டும் இருக்கு: 64 ஜிபி கேக்கிறாங்க, நம்மகிட்ட 500 கெடக்கு. நீ சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும்யா. கொல்லைப்புறமா ஏறிக் குதிச்சுத் தாலி கட்டுற வித்தை ஒண்ணு கைவசம் வச்சிருக்கே. கட்டலாம். ஆனா அப்படிக் கட்டினவனுக்கு அப்டேட் கேக்க உரிமை இல்லைன்னு கம்பெனிக்காரன் முன்கூட்டியே எழுதி வச்சுட்டான். வேலி இல்லைன்னுதானே வீடு மாத்துறோம்? போற வீட்டுலயும் வேலிக்கு உத்தரவாதம் இல்லைன்னா என்னத்துக்குச் சட்டி பானை தூக்கணும்?

பெட்டி நடக்கலைன்னு அதை ஏசாதே. லாடத்தைப் பாரு. உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க் நிமிசத்துக்கு 7200 சுத்து சுத்துது. அது மேல ஒரு ஊசி அங்கிட்டும் இங்கிட்டும் தேடித் தேடிப் படிக்குது. அதைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டிப் பாரு. அதுல சுத்துறதும் கிடையாது, ஊசியும் கிடையாது. ராமையும் கூட்டு. டிடிஆர்3 வாங்கணும், டிடிஆர்4ஐ வாங்கிட்டு வந்து அமுக்கிக்கிட்டு நிக்காதே, வெட்டு வேற இடத்துல இருக்கும். அப்படியே மதர்போர்டுல நாலணாக் காசு அகலத்துல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது செத்துப்போனா இந்தக் கிழத்துக்குத் தேதி மறந்துபோகுது. எந்த வெப்சைட்டைத் தொறந்தாலும் "பாதுகாப்பு இல்லை"ங்கும், பாதுகாப்புச் சான்றுல போட்டிருக்கிற தேதியும் இது நெனச்சுக்கிட்டிருக்கிற தேதியும் ஒத்துவராது. போன வாரம் உங்க அத்தை ரேசன் கார்டு வேலையா உக்காந்து, அரசாங்கத்தையே ஏசிட்டா. அரசாங்கம் என்ன பண்ணும், நம்ம பெட்டி இன்னும் 2012லயே இருந்தா?

பெறகு மிண்ட்டுன்னு ஒரு லினக்ஸ் இருக்காம். வாயில போட்டு மெல்லுற மிட்டாய் இல்ல. 2 ஜிபி ராமுலயே தள்ளாடி ஓடும், 4 இருந்தா நிமிந்து நடக்கும். பென் டிரைவ்ல ஏத்திச் செருகிட்டு, பெட்டி முழிக்கும்போது எஃப்12ஐத் தட்டணும்; சில பெட்டிக்கு எஃப்2, சிலதுக்கு டெலீட். ஹார்ட் டிஸ்க்கை விரல்கூடப் படாம, முழுசா ஓடிக் காட்டும். மச்சு வீட்டுக்கு வாடகை பேசுறதுக்கு முந்தி அந்த வீட்டுத் திண்ணையில ஒரு மத்தியானம் படுத்துப் பாக்கிறோம்ல, அந்த மாதிரி. வைஃபை வருதா, சத்தம் கேக்குதா, பிரிண்டர் பேசுதா, தமிழ்99ல அடிக்க வருதான்னு பாத்துட்டு, பிடிச்சா உள்ள போ. பிடிக்கலைன்னா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வா. டேலியில கணக்கு எழுதுற கமிஷன் கடைக்காரருக்கு இந்த வீடு ஆகாது, அவருக்கு விண்டோஸ்தான் கதி. எனக்கு என்ன வேலை? பட்டா பாக்கணும், கோயில் கணக்கு எழுதணும், ராத்திரி பேத்தி மூஞ்சியைப் பாக்கணும். இதுக்கு எந்த வீடா இருந்தா என்ன?

என்னய்யா வாயைப் பொளந்துட்டே? "ஒண்ணும் தெரியாதுன்னீங்களே மாமா"ங்கிறியா? ஆமா, தெரியாதுதான். தெரியாதவன்கிட்டதான் எல்லாரும் வந்து சொல்லிக் கொடுப்பாங்க.

மேலத்தெரு வாத்தியார் கதையைக் கேளு. டவுன்ல ஒரு கடையில பெட்டியைக் கொடுத்தாரு. கடைப்பையன் "முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்கா சார்?"னான். இவரு கௌரவத்துக்கு "இருக்கும், இருக்கும்"னாரு. இருந்ததெல்லாம் டெஸ்க்டாப்புல. கண்ணுக்கு முன்னால தெரியுதேன்னு அது தனி இடம்னு நெனச்சுட்டாரு மனுசன். டெஸ்க்டாப்பு குடியிருக்கிறது சி டிரைவ்லதான். பையன் சி டிரைவை ஃபார்மேட் பண்ணிட்டான். பேரன் காதுகுத்து, மக கல்யாணம், எல்லாம் ஒரே துடைப்புல போச்சு. பையன் மேல என்ன குத்தம்? கேட்டுத்தானே துடைச்சான்.

நம்ம பெட்டியிலயும் உங்க அத்தையோட அம்மா பல்லுத் தெரியச் சிரிச்ச போட்டோ ஒண்ணே ஒண்ணு கெடக்கு. அது போச்சுன்னா உனக்குக் காப்பி கிடையாது, எனக்குச் சோறு கிடையாது. கோயில் கொடை வரவுசெலவு இருக்கு. அதெல்லாம் கணக்கப்பிள்ளை பாமினியிலயும் வானவில்லுலயும் அடிச்சது. அந்த ஃபான்ட்டு ஃபைலையும் சேத்து எடுத்து வை. இல்லைன்னா புதுசு ஏத்தின பெறகு தலைக்கட்டு வரி பூராவும் இங்கிலீசுக் கோழிக்கிறுக்கலாத்தான் தெரியும். யூனிகோடுதான் இனிமேன்னு தமிழ்நாட்டு அரசாங்கம் 2010லயே சொல்லிருச்சு. நம்ம கணக்கப்பிள்ளைக்குத்தான் இன்னும் தபால் வந்து சேரலை.

ஒரு இடத்துல மட்டும் எடுத்து வச்சதுக்குப் பத்திரம்னு பேர் கிடையாது. பென் டிரைவ்ல ஒண்ணு, உன் லேப்டாப்புல ஒண்ணு. எடுத்து முடிச்சு, ரெண்டையும் தொறந்து பாத்து, அந்தக் கிழவி சிரிக்கிறாளான்னு சரி பாத்துக்கோ. அதுக்குப் பெறகு ஸ்குரூ டிரைவரைத் தொடு. யுபிஎஸ் இல்லாம தொடங்காதே. நம்ம ஊர்க் கரண்ட்டு நட்டநடுவுலதான் போகும்.

அந்தா, காப்பி வந்துருச்சு. குடிச்சுட்டு அந்த வெத்தலைப் பெட்டியைத் தொற. உள்ள ரெண்டு பென் டிரைவ் இருக்கு. சிவப்புல மிண்ட்டு இருக்கு, கோயம்புத்தூர்லேர்ந்து வந்தப்ப என் மக போட்டுக் கொடுத்தது. கறுப்பு காலி. முதல்ல செருக வேண்டியது கறுப்பு.