அடி முடியாத தேர்: சோம்பல் கணிப்பு குறித்து ஓர் ஆய்வு

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் முதல் அறிக்கை 1990இல் வந்தது. 1987இல் போர்ட்லேண்டில் கூடிப் பேசித் தொடங்கிய வேலை அது. அதன் தலையாய குணம் சோம்பல்: யாராவது கேட்கும்வரை எதையும் கணக்கிடாதே. கடல்மல்லையில் ஏழாம் நூற்றாண்டிலேயே இது வழக்கில் இருந்தது என்பது நம் துணிபு. மறுப்போர் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து பார்க்கலாம்.

கடற்கரைக் கோயிலை அல்ல. ஊரின் மேற்கே கிடக்கும் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும். மேலே கூரையெல்லாம் கச்சிதம். கீழே வரவர வெறும் பாறை. மேலிருந்து செதுக்கினால் சாரம் கட்டும் வேலை மிச்சம் என்பார்கள் தொல்லியல்காரர்கள். நம் விளக்கம் வேறு: கேட்டவர் சிகரத்தை மட்டுமே கேட்டார். ஹாஸ்கெலிலும் முடிவில்லாத பட்டியலில் முதல் ஐந்தைக் கேட்டால், ஆறாவது எண் பிறப்பதே இல்லை. இன்னும் சான்று வேண்டுமா? எவ்வளவு கணக்கிட்டாலும் மதிப்பு வராத நிலைக்கு அந்த மொழிக்காரர்கள் வழங்கும் பெயர் 'பாட்டம்'. அதாவது அடி. வலையன்குட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

பட்டியலின் நீளம் என்ன என்று கேட்டால், உள்ளே இருப்பது எதையும் ஹாஸ்கெல் திறந்து பார்க்காது. அத்தனையும் பாட்டமாக இருந்தாலும் எண்ணிக்கை சரியாக வரும். பஞ்ச ரதத்துக்கு வருவோரும் அப்படித்தான். தர்மராஜ ரதத்தின் கீழ்த்தளம் முடிந்ததா என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்? ஐந்து என்று எண்ணிவிட்டு இளநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

நடைமுறைச் சிக்கலுக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குத் திரும்ப வேண்டும். அங்கே எனக்கு ஒரு கணக்கு நோட்டு உண்டு. கடைக்கார அண்ணன் கூட்டுவதே கிடையாது. 12, 12, 22 என்று எழுதிக்கொண்டே போவார் (22 என்றால் வடை). ஹாஸ்கெலில் இதற்கு ஃபோல்ட்-எல் என்று பெயர். பத்து லட்சம் எண்களைக் கூட்டச் சொன்னால், பூஜ்ஜியத்தோடு 1, அதோடு 2, அதோடு 3 என்று கடன்சீட்டாக நினைவகத்தில் அடுக்கும். சீட்டின் பெயர் தங்க். கம்பைலரை மெருகேற்றச் சொன்னால் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். நான் சொல்ல மறந்தேன். என் நிரல் இரவெல்லாம் சீட்டு சேர்த்து, விடியற்காலையில் சர்வரோடு படுத்துவிட்டது.

பரிகாரம், பெயருக்குப் பின்னால் ஒரு ஒற்றைக்குறி. குறி போட்ட ஃபோல்ட்-எல் அவ்வப்போதே கூட்டிவிடும். இம்போர்ட் செய்யாமலே அது கைக்குக் கிடைக்க 2024 ஆனது, சோம்பல் மொழியல்லவா.

அதையும் நம்பிவிட முடியாது. சராசரி காண, தொகையையும் எண்ணிக்கையையும் ஜோடியாக வைத்திருந்தேன். அது ஜோடியின் தலையை மட்டும் செதுக்கிவிட்டு, உள்ளே இரண்டையும் பாறையாகவே விட்டுவிட்டது. மறுபடி வலையன்குட்டை! இரண்டுக்கும் தனித்தனியே ஆச்சரியக்குறி போட்ட பிறகுதான் அடங்கியது.

இந்த ஞானத்தோடு மாதக் கடைசியில் நோட்டைக் கேட்டேன்.

"எவ்வளவுண்ணே ஆச்சு?"

"இருங்க தம்பி, கூட்டணும்."

கண்ணாடியைத் தேடி மாட்டி, எச்சில் தொட்டு முதல் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாவது வரியில் விரல் இருக்கும்போது பீச் வண்டி ஹாரன் அடித்தது.

"ஓடுங்க, ஓடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, அன்றைய 12ஐயும் எழுதிக்கொண்டார்.